கீழ்த்தளத்தில் சாப்பிட்ட மாணவர்: ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரின் பல்கலைக்கழக நாள்கள்

1891ஆம் ஆண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள ஏம்ஸ் என்ற சிற்றூருக்கு ஒரு புதிய மாணவர் வந்து சேர்ந்தார். அங்கிருந்த மாநில வேளாண்மைக் கல்லூரி அவரை முறைப்படி சேர்த்துக்கொண்டது. ஆனால், சாப்பாட்டு நேரம் வந்தபோது மற்ற மாணவர்கள் அமரும் கூடத்தில் அவருக்கு இடம் தரப்படவில்லை. கீழ்த்தளத்தில் பண்ணைத் தொழிலாளர்களுடன் சாப்பிடச் சொன்னார்கள். விடுதியிலும் அவருக்கு அறை கிடைக்கவில்லை.

அந்த மாணவரின் பெயர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அக்கல்லூரியில் சேர்ந்த முதல் கறுப்பின மாணவர் அவர்தான். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 27. சரியான வயது அவருக்கே தெரியாது. அடிமையாகப் பிறந்த குழந்தையின் பிறந்த நாளை யாரும் எழுதி வைக்கவில்லை.

நிலக்கடலை விஞ்ஞானி என்று உலகம் இன்று அவரை நினைவில் வைத்திருக்கிறது. நம்மில் பலர் கச்சான் என்று சொல்லும் அதே கடலைதான். ஆனால் கடலை அவர் வாழ்க்கையின் பிற்பகுதியில் வந்தது. அதற்கு முன் இருந்தது, படிப்பதற்கு ஓர் இடம் தேடி ஊர் ஊராக அலைந்த கதை. அந்த இடம் கடைசியில் ஓர் அரசாங்கக் கல்லூரியில் கிடைத்தது. அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் என்று இன்று உலகறிந்த நிலையமே அது.

பெயரே இல்லாத பிள்ளை

மிசோரி மாநிலத்தின் டைமண்ட் குரோவ் பகுதியில் மோசஸ் கார்வர், சூசன் கார்வர் என்ற வெள்ளையினத் தம்பதியர் பண்ணை வைத்திருந்தனர். அந்தப் பண்ணையில் அடிமையாக இருந்த மேரி என்ற பெண்ணுக்கு 1864ஆம் ஆண்டு வாக்கில் ஜார்ஜ் பிறந்தார். மேரியை மோசஸ் கார்வர் 1855ஆம் ஆண்டில் 700 டாலர் கொடுத்து வாங்கியிருந்தார்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஓரிரவு கொள்ளைக் கூட்டம் ஒன்று பண்ணையில் புகுந்து மேரியையும் கைக்குழந்தையையும் தூக்கிச் சென்றது. மோசஸ் ஆள் அனுப்பித் தேடினார். குழந்தை மட்டும் கிடைத்தது. மீட்டு வந்தவருக்குக் கூலியாக ஒரு பந்தயக் குதிரையைக் கொடுத்தார் மோசஸ். தாய் என்ன ஆனார் என்பது கடைசிவரை தெரியவில்லை. தந்தையும் அதற்கு முன்பே இறந்துவிட்டதாகச் சொல்லப்படுகிறது.

அடிமை முறை ஒழிந்த பின்னர் ஜார்ஜையும் அவருடைய அண்ணன் ஜிம்மையும் அந்தத் தம்பதியரே வளர்த்தனர். கக்குவான் இருமலால் ஜார்ஜின் உடல் மெலிந்து போயிருந்தது. வயல் வேலைக்கு அவர் உதவமாட்டார் என்பதால் சூசன் அவருக்குச் சமையல், சலவை, தையல், பின்னல் ஆகியவற்றைக் கற்றுக்கொடுத்தார். பின்னாளில் படிக்கும் காலம் முழுவதும் அவருக்குச் சோறு போட்டது இந்த வீட்டு வேலைகள்தான்.

ஓய்வு நேரத்தில் சிறுவன் காட்டுக்குள் போய்விடுவான். செடிகளைப் பிடுங்கி வந்து மறைவான ஓரிடத்தில் நட்டு வளர்ப்பான். அக்கம்பக்கத்தில் யார் வீட்டுச் செடியாவது வாடினால் அவனிடம் கொண்டுவருவார்கள். செடி வைத்தியர் என்ற பெயர் அந்த வயதிலேயே வந்துவிட்டது.

பக்கத்திலேயே பள்ளிக்கூடம் இருந்தது. ஆனால் கறுப்பினப் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. அவர்களுக்கான பள்ளி, பல கிலோமீட்டருக்கு அப்பால் நியோஷோ என்ற ஊரில் இருந்தது. பதினொன்று, பன்னிரண்டு வயதில் ஜார்ஜ் தனியாக அந்த ஊருக்குப் புறப்பட்டார். அங்கே மரியா வாட்கின்ஸ், ஆண்ட்ரூ வாட்கின்ஸ் என்ற கறுப்பினத் தம்பதியர் அவருக்கு அடைக்கலம் தந்தனர்.

பெயர் என்ன என்று மரியா கேட்டபோது, கார்வருடைய ஜார்ஜ் என்று சிறுவன் சொன்னான். அடிமைகளை அப்படித்தான் உடைமையாளரின் பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். இனிமேல் நீ ஜார்ஜ் கார்வர் என்று திருத்தினார் மரியா. கற்றுக்கொள்வதையெல்லாம் கற்றுக்கொள், பிறகு அதை நம் மக்களிடம் திருப்பிக் கொண்டுவந்து கொடு என்றும் அவர் சொல்லி வளர்த்தார். அந்த அறிவுரை பல ஆண்டுகள் கழித்துப் பலித்தது.

வாசலிலேயே திருப்பி அனுப்பிய கல்லூரி

நியோஷோ பள்ளியின் ஆசிரியருக்குத் தெரிந்தது அனைத்தையும் ஜார்ஜ் விரைவில் கற்று முடித்தார். மேற்கொண்டு படிக்கக் கன்சாஸ் மாநிலத்துக்குப் போனார். ஃபோர்ட் ஸ்காட் என்ற ஊரில் வேலை செய்துகொண்டே பள்ளிக்குச் சென்றார். 1879ஆம் ஆண்டு மார்ச் மாதம் அங்கே ஒரு கும்பல் கறுப்பினத்தவர் ஒருவரைச் சிறையிலிருந்து இழுத்து வந்து கொன்றது. அதைக் கண்ட பதின்ம வயது ஜார்ஜ் அந்த ஊரைவிட்டே வெளியேறினார். அந்தக் காட்சி வாழ்நாள் முழுவதும் அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

பிறகு பல ஊர்களில் சலவை செய்தும் சமையல் செய்தும் படிப்பைத் தொடர்ந்தார். மின்னியாபோலிஸ் என்ற கன்சாஸ் சிற்றூரில் உயர்நிலைப் பள்ளிக் கல்வியை முடித்தார். அந்த ஊரில் இன்னொரு ஜார்ஜ் கார்வரும் இருந்ததால் கடிதங்கள் மாறிப் போயின. அதைத் தவிர்க்கத் தம் பெயருக்கு நடுவில் ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டார். அதுவே பின்னர் வாஷிங்டன் ஆனது.

1885ஆம் ஆண்டில் ஹைலண்ட் கல்லூரிக்கு அஞ்சல்வழி விண்ணப்பித்தார். மதிப்பெண்களைப் பார்த்த கல்லூரி இடம் தருவதாகப் பதில் எழுதியது. கையில் இருந்த பணத்தையெல்லாம் செலவழித்து அங்கே போய்ச் சேர்ந்தார். அவர் கறுப்பினத்தவர் என்று நேரில் கண்டதும், கொடுத்த இடத்தைக் கல்லூரி திரும்பப் பெற்றுக்கொண்டது.

அந்த அடி ஆழமானது. கல்லூரிக் கனவை ஒதுக்கி வைத்துவிட்டு மேற்குக் கன்சாஸின் வறண்ட சமவெளிக்குச் சென்றார். அரசு குடியேறிகளுக்கு வழங்கிய 160 ஏக்கர் நிலத்துக்கு விண்ணப்பித்து, புல்தரைக் கட்டிகளை அடுக்கி வீடு கட்டிக்கொண்டு விவசாயம் பார்த்தார். தண்ணீர் இல்லை, பனிப்புயலும் வறட்சியும் மாறி மாறி வந்தன. சில ஆண்டுகளில் அந்த வாழ்க்கையையும் விட்டுவிட்டு அயோவா மாநிலத்துக்கு வந்தார். அப்போது அவருக்கு 25 வயதை ஒட்டி இருக்கும்.

ஓவிய வகுப்பில் கிடைத்த திருப்பம்

அயோவாவின் விண்டர்செட் நகரில் தேவாலயத்தில் அவர் பாடுவதைக் கேட்டு மில்ஹாலண்ட் என்ற வெள்ளையினக் குடும்பத்தினர் நட்பு கொண்டனர். இன்னொரு முறை கல்லூரிக்கு முயன்று பார் என்று வற்புறுத்தியவர்கள் அவர்கள்தான். ஒருமுறை வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர் மீண்டும் ஒரு வாசலில் போய் நிற்பதற்குத் துணிவு வேண்டும். ஜார்ஜ் தயங்கினார், பிறகு சம்மதித்தார்.

1890ஆம் ஆண்டில் இண்டியனோலா நகரில் உள்ள சிம்ப்சன் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. அது மெதடிஸ்ட் திருச்சபையினர் நடத்திய சிறிய தனியார் கல்லூரி. ஓவியமும் இசையும் படித்தார். கட்டணத்தைக் கட்டிய பிறகு கையில் மிஞ்சியது 10 காசு. ஐந்து காசுக்குச் சோளமாவும் ஐந்து காசுக்கு மாட்டுக் கொழுப்பும் வாங்கி ஒரு வாரம் ஓட்டியதாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஒரு குடிசையில் தங்கி மாணவர்களின் துணிகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு வயிற்றைக் கழுவினார். துணி வாங்க வந்த மாணவர்கள், அவர் பெட்டிகளையே நாற்காலியாக வைத்திருப்பதைக் கவனித்தனர். அவர் வகுப்புக்குப் போயிருந்த நேரத்தில் மேசையும் நாற்காலியும் கொண்டுவந்து போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவர்கள்போல் இருந்துவிட்டனர்.

அங்கே ஓவியம் கற்பித்தவர் எட்டா பட் என்ற ஆசிரியை. மாணவரின் திறமையில் அவருக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு கறுப்பின ஓவியர் அந்தக் காலத்து அமெரிக்காவில் ஓவியத்தால் பிழைக்க முடியுமா என்பதில் அவருக்குக் கவலை இருந்தது. ஜார்ஜ் வரைந்தவற்றில் பெரும்பாலானவை பூக்களும் செடிகளும் என்பதைக் கவனித்தார். தாம் ஒட்டுக்கட்டி வளர்த்த செடிகளையும் அவர் கொண்டுவந்து காட்டினார். ஆசிரியையின் தந்தை ஜோசப் பட், ஏம்ஸ் நகரில் இருந்த மாநில வேளாண்மைக் கல்லூரியில் தோட்டக்கலைப் பேராசிரியர். அங்கே போய்த் தாவரவியல் படி என்று அவர் ஆலோசனை சொன்னார்.

ஜார்ஜுக்கு ஓவியத்தை விட மனமில்லை. ஆனால் தெற்கு மாநிலங்களில் நிலத்தை நம்பிக் கடனில் மூழ்கிக் கிடந்த தம் மக்களுக்கு ஓவியத்தைவிட வேளாண்மை அதிகம் உதவும் என்று முடிவெடுத்தார்.

சட்டம் திறந்து வைத்த கதவு

அவர் போய்ச் சேர்ந்த கல்லூரி எப்படி உருவானது என்பதையும் இங்கே அறிந்துகொள்ள வேண்டும்.

1862ஆம் ஆண்டு ஜூலை மாதம் அதிபர் ஆபிரகாம் லிங்கன் மோரில் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் என்ற கணக்கில் அரசு நிலம் வழங்கப்படும். அதை விற்றுக் கிடைக்கும் பணத்தில் வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளை மாநிலங்கள் நடத்த வேண்டும். உயர்கல்வி என்றால் பணக்காரர், பாதிரியார், வழக்கறிஞர் பிள்ளைகளுக்கு உரியது என்றிருந்த காலத்தில், விவசாயி மகனும் தொழிலாளி மகனும் பட்டம் பெற வழிவகுத்தது அந்தச் சட்டம். அதை முதலில் ஏற்றுக்கொண்ட மாநிலம் அயோவா. 1869ஆம் ஆண்டு ஏம்ஸில் வகுப்புகள் தொடங்கின. தொடக்கத்திலிருந்தே ஆண்களும் பெண்களும் சேர்ந்து படித்தனர்.

பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று அயோவாவின் உச்ச நீதிமன்றம் 1868ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருந்தது. மஸ்கட்டீன் நகரில் ஒரு கறுப்பினத் தந்தை தம் மகளுக்காகத் தொடுத்த வழக்கில் வந்த தீர்ப்பு அது. ஆகவே அயோவாவில் சட்டப்படி கதவு திறந்துதான் இருந்தது.

ஆனால் 1891 வரை அந்தக் கல்லூரியில் ஒரு கறுப்பின மாணவர்கூடச் சேர்ந்திருக்கவில்லை. கதவைத் திறப்பது சட்டத்தின் வேலை. உள்ளே வருபவரை உட்கார வைப்பது உள்ளே இருப்பவர்களின் வேலை. கார்வரின் ஏம்ஸ் வாழ்க்கை இந்த இரண்டாவது பாதியைப் பற்றியது.

ஓர் அறையும் ஒரு விருந்தாளியும்

விடுதியில் இடமில்லை என்றானபோது பேராசிரியர் ஜேம்ஸ் வில்சன் முன்வந்தார். கல்லூரியின் வேளாண்மைப் பிரிவுக்குத் தலைவரான அவர், தாம் அலுவலகமாகப் பயன்படுத்திய அறையை ஒழித்து மாணவர் தங்குவதற்குக் கொடுத்தார். இப்படியாகத் தங்கும் சிக்கல் தீர்ந்தது.

சாப்பாட்டுச் சிக்கலுக்கு உதவியவர் இண்டியனோலாவில் அறிமுகமான திருமதி லிஸ்டன். கீழ்த்தளத்தில் சாப்பிட வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி கேட்டதும் அந்த வெள்ளையினப் பெண்மணி ரயிலேறி ஏம்ஸுக்கு வந்தார். தம்மிடம் இருந்ததிலேயே நல்ல உடையை உடுத்திக்கொண்டு, ஜார்ஜுடன் கல்லூரி வளாகம் முழுவதும் சுற்றி வந்தார். சாப்பாட்டு வேளையில் அவரோடு கீழ்த்தளத்துக்கே போய் உட்கார்ந்து சாப்பிட்டார். யாரிடமும் சண்டை போடவில்லை. புகார் மனு எழுதவில்லை. அந்த வருகைக்குப் பிறகு நிலைமை மாறத் தொடங்கியதாகக் கார்வர் பின்னாளில் குறிப்பிட்டார்.

பணம் மட்டும் எப்போதும்போல் இல்லை. வகுப்பறைகளைக் கூட்டினார், உணவு பரிமாறினார், துணி துவைத்தார், தாவரக்கூடத்தில் வேலை பார்த்தார். மற்ற மாணவர்கள் தூக்கி எறிந்த குட்டைப் பென்சில்களை எடுத்து, பொட்டலம் கட்டி வந்த தாளில் குறிப்பெழுதினார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள்.

ஆயினும் அவர் ஒதுங்கிப் படித்துவிட்டுப் போன மாணவர் அல்லர். கல்லூரியின் விவாதக் கழகத்தில் சேர்ந்தார். ஜெர்மன் மொழி மன்றத்திலும் ஓவிய மன்றத்திலும் இருந்தார். மாணவர் படைப்பிரிவில் கேப்டன் பதவி வரை உயர்ந்தார். காற்பந்து அணியினருக்கு உடல் பிடித்துவிடும் பயிற்சியாளராகவும் இருந்தார். கிறிஸ்துவ இளைஞர் சங்கத்தின் சார்பில் வெளிமாநில மாநாட்டுக்கும் சென்றார். முதலில் தனியாகச் சாப்பிட வைக்கப்பட்டவர், படிப்படியாக வளாகத்தின் எல்லா மூலைகளிலும் அறியப்பட்ட முகமானார்.

ஓவியத்தையும் அவர் முழுதாகக் கைவிடவில்லை. 1892ஆம் ஆண்டின் இறுதியில் சீடர் ராபிட்ஸ் நகரில் மாநில ஓவியக் கண்காட்சி நடந்தது. போகச் செலவுக்குப் பணமும் இல்லை, உடுத்திப் போக நல்ல உடுப்பும் இல்லை. சக மாணவர்கள் அவரைத் துணிக்கடைக்கு அழைத்துப் போய்ப் புதிய உடுப்பு வாங்கிக் கொடுத்து, பயணச் சீட்டையும் கையில் திணித்து அனுப்பினர். அந்தக் கண்காட்சியிலிருந்து அவருடைய கற்றாழை வகைச் செடியோவியம் ஒன்று 1893ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சிக்குத் தேர்வாகிச் சிறப்புக் குறிப்பும் பெற்றது. சுவாமி விவேகானந்தர் உரையாற்றிய சர்வ சமயப் பேரவை நடந்ததும் அதே சிகாகோ கண்காட்சியை ஒட்டித்தான்.

பட்டமும் அதற்குப் பிறகும்

வகுப்பறையில் அவரை மிகவும் ஈர்த்தவர் தாவரவியல் பேராசிரியர் லூயிஸ் பாமெல். செடிகளைத் தாக்கும் பூஞ்சைகளைப் பற்றிய ஆய்வில் பாமெல் பெயர் பெற்றவர். பூஞ்சை மாதிரிகளைத் தேடிப் பிடித்துச் சேகரிப்பதில் தம் மாணவருக்கு இருந்த கண் அபாரமானது என்று அவர் கண்டுகொண்டார்.

மனிதன் செடிகளை எப்படி மாற்றியமைக்கிறான் என்பது கார்வரின் பட்ட ஆய்வுக் கட்டுரையின் பொருள். ஒட்டுக்கட்டுதலும் கலப்பினமாக்கலும் அதில் பேசப்பட்டன. 1894ஆம் ஆண்டில் வேளாண்மையில் இளங்கலைப் பட்டம் பெற்றார். அந்தக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். அப்போது வயது முப்பதை ஒட்டியிருந்தது.

கல்லூரி அவரைப் போகவிடவில்லை. ஆய்வு நிலையத்தில் துணைத் தாவரவியலாளராக நியமித்தது; தாவரக்கூடத்தை அவர் பொறுப்பில் விட்டது; முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் நடத்தவும் வைத்தது. எந்த வளாகத்தில் மேசையில் இடம் மறுக்கப்பட்டதோ, அதே வளாகத்தில் மூன்றே ஆண்டுகளில் வெள்ளையின மாணவர்களுக்கு ஆசிரியரானார். 1896ஆம் ஆண்டில் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

அந்த நாள்களில் பால்பண்ணைத் துறைப் பேராசிரியர் ஹென்றி சி. வாலஸின் சிறு மகன், செடி தேடப் போகும் கார்வரின் கையைப் பிடித்துக்கொண்டு வயல்வெளிகளில் நடப்பான். பூவின் பாகங்களையும் புல்லின் வகைகளையும் அந்தச் சிறுவன் கற்றது அவரிடம்தான். ஹென்றி ஏ. வாலஸ் என்ற அந்தச் சிறுவன் பின்னர் கலப்பினச் சோள விதைத் துறையின் முன்னோடியானார். 1941 முதல் 1945 வரை அமெரிக்காவின் துணை அதிபராகவும் இருந்தார். அறையை ஒழித்துக் கொடுத்த ஜேம்ஸ் வில்சன், பேராசிரியர் வாலஸ், அவருடைய மகன் ஆகிய மூவருமே பின்னாளில் அமெரிக்காவின் வேளாண்மை அமைச்சர்களானார்கள். ஏம்ஸில் கார்வரைச் சுற்றியிருந்தவர்கள் அத்தகையவர்கள்.

அயோவாவிலேயே இருந்திருந்தால் ஆய்வுக்கூடமும் வசதியும் மரியாதையும் தொடர்ந்திருக்கும். ஆனால் 1896ஆம் ஆண்டில் அலபாமா மாநிலத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது.

டஸ்கீகி: கற்றதைத் திருப்பிக் கொடுத்த இடம்

அழைத்தவர் புக்கர் டி. வாஷிங்டன். கறுப்பின மாணவர்களுக்காக 1881ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய டஸ்கீகி கல்வி நிலையத்தில் வேளாண்மைத் துறையை நிறுவ ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஆண்டுச் சம்பளம் 1,000 டாலர். கார்வர் ஒப்புக்கொண்டார்.

ஏம்ஸில் இருந்த நுண்ணோக்கிகளும் தாவரக்கூடமும் இங்கே இல்லை. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு குப்பை மேடுகளுக்குப் போனார். உடைந்த போத்தல், பழைய கம்பி, பானை, மூடி என்று பொறுக்கி வந்து அவற்றைக்கொண்டு ஆய்வுக்கூடம் அமைத்தார்.

வெளியே இருந்த நிலைமை இன்னும் மோசம். ஆண்டாண்டாகப் பருத்தியை மட்டுமே பயிரிட்டதால் மண் சத்தற்றுப் போயிருந்தது. அடிமை முறை ஒழிந்தும் கறுப்பின விவசாயிகள் வாரக் குத்தகையிலும் கடைக்கடனிலும் சிக்கியிருந்தனர். உரம் வாங்க அவர்களிடம் காசில்லை. காற்றிலிருக்கும் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் பயறு வகைகளையும் கடலையையும் மாற்றிப் பயிரிடுங்கள், இலைதழைகளை மக்க வைத்து உரமாக்குங்கள் என்று கார்வர் சொல்லிக்கொடுத்தார். காசு செலவில்லாமல் செய்யக்கூடியதை மட்டுமே சொன்னதுதான் அவருடைய சிறப்பு.

எளிய நடையில் 40க்கும் மேற்பட்ட கையேடுகளை எழுதினார். 1906ஆம் ஆண்டில் குதிரை பூட்டிய வண்டியில் விதைகளையும் கருவிகளையும் ஏற்றிக் கிராமங்களுக்கே அனுப்பினார்கள். நியூயார்க் வங்கியாளர் மோரிஸ் ஜெசப் அதற்குப் பணம் கொடுத்ததால் அது ஜெசப் வண்டி எனப்பட்டது. கல்லூரிக்கு வர முடியாதவர்களிடம் கல்லூரியே போனது.

பருத்திக்காய் வண்டு பரவித் தெற்கின் பருத்தியை அழித்தபோது, விவசாயிகள் மாற்றுப் பயிர் தேடினர். விளைந்த கடலையை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. 1916ஆம் ஆண்டு கார்வர் வெளியிட்ட கையேட்டில் கடலையைப் பயிரிடும் முறையும் அதைச் சமைக்க 105 வழிகளும் இருந்தன. கடலையிலிருந்து அவர் உருவாக்கிய பொருள்கள் சுமார் 300 என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அவற்றில் பல வீட்டுச் செய்முறைகள். ஆலைக்குப் போனவை மிகக் குறைவு. கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவர் என்று பரவலாக நம்பப்படுவதும் தவறு. அது அவருக்கு முன்பே இருந்தது. மக்கள் கையிலிருக்கும் பொருளை வைத்தே பிழைக்க வழி காட்டியதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது.

அவர் குறையற்றவரும் அல்லர். நிர்வாகம் அவருக்குக் கைவரவில்லை. கோழிப் பண்ணைக் கணக்கு முதல் துறைப் பொறுப்பு வரை புக்கர் வாஷிங்டனுடன் அவருக்கு அடிக்கடி உரசல் வந்தது. விலகிவிடுவதாகப் பலமுறை எழுதியும் கொடுத்தார். ஆனால் கடைசிவரை போகவில்லை.

1921ஆம் ஆண்டில் கடலை இறக்குமதி வரி தொடர்பாக நாடாளுமன்றக் குழு முன் பேச அவருக்கு 10 நிமிடம் ஒதுக்கினார்கள். தொடக்கத்தில் சில உறுப்பினர்கள் கேலியாகப் பேசினர். அவர் பெட்டியிலிருந்து ஒவ்வொரு பொருளாக எடுத்து விளக்கத் தொடங்கியதும் நேரத்தை நீட்டித்துக்கொண்டே போனார்கள். அதன்பின் நாடறிந்த மனிதரானார். சைவ உணவு தொடர்பாகக் காந்தியடிகளுடனும் அவருக்குக் கடிதத் தொடர்பு இருந்தது.

ஒரே சட்டம், இரண்டு மாநிலங்கள்

டஸ்கீகியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் ஆபர்ன் என்ற ஊர் இருக்கிறது. அங்கேயும் ஒரு மாநிலக் கல்லூரி இருந்தது. அதுவும் லிங்கன் கையெழுத்திட்ட அதே மோரில் சட்டத்தின் பயனால் வேளாண்மை கற்பித்த கல்லூரிதான். கார்வர் ஏம்ஸில் படித்த கல்லூரிக்கு உடன்பிறப்பு என்றே சொல்லலாம்.

ஆனால் கார்வரின் மாணவர்கள் ஒருவரும் அங்கே சேர முடியாது. 1890ஆம் ஆண்டின் இரண்டாம் மோரில் சட்டம், கறுப்பினத்தவரைச் சேர்க்காத மாநிலங்கள் அவர்களுக்கெனத் தனிக் கல்லூரி நடத்தினால் போதும் என்று விட்டுவிட்டது. தெற்கு மாநிலங்கள் அந்த வழியையே பிடித்துக்கொண்டன. ஆபர்னில் முதல் கறுப்பின மாணவர் கால் வைத்தது 1964ஆம் ஆண்டில். கார்வர் இறந்து அப்போது 21 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அயோவாவில் பிறர் உதவியால் தமக்குக் கிடைத்தது, தம் மாணவர்களுக்கு அவர்கள் சொந்த மாநிலத்திலேயே கிடைக்காது என்பதை அறிந்தே கார்வர் அங்கே 46 ஆண்டுகள் பாடம் நடத்தினார். ஏம்ஸில் கற்ற தாவரவியலும் மண்ணியலும் பூஞ்சையியலும் டஸ்கீகி வகுப்பறைக்கும், அங்கிருந்து ஜெசப் வண்டியில் ஏறிக் குடிசை வாசல்களுக்கும் போயின. நியோஷோவில் மரியா வாட்கின்ஸ் சொன்னதும் அதுதான்.

திருமணம் செய்துகொள்ளாத கார்வர் எளிமையாக வாழ்ந்தார். சம்பள உயர்வு கேட்டதில்லை. சேர்த்து வைத்திருந்த சுமார் 60,000 டாலரையும் இளம் ஆய்வாளர்களுக்கு உதவும் அறக்கட்டளைக்கு அளித்துவிட்டார். 1943ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் தேதி காலமானார். டஸ்கீகி வளாகத்தில் புக்கர் வாஷிங்டனுக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டு அவர் பிறந்த பண்ணையைத் தேசிய நினைவிடமாக்கும் சட்டத்தில் அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். கறுப்பின அமெரிக்கர் ஒருவருக்காக அமைந்த முதல் தேசிய நினைவிடம் அது.

அயோவா மாநிலப் பல்கலைக்கழகமும் அவரை மறக்கவில்லை. 1994ஆம் ஆண்டில், அவர் இளங்கலைப் பட்டம் பெற்றுச் சரியாக 100 ஆண்டுகள் ஆனபோது, அவருடைய மறைவுக்குப் பிந்திய கௌரவ முனைவர் பட்டம் வழங்கியது. வளாகத்தில் ஒரு பெரிய வகுப்பறைக் கட்டடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரு காலத்தில் அந்த ஒரே மாணவருக்கு மேசையில் இடம் தர மறுத்த அதே வளாகத்தில், இன்று எல்லா இனத்துப் பிள்ளைகளும் கார்வர் மண்டபத்துக்குள் நுழைந்து வகுப்பில் உட்காருகிறார்கள்.